வீட்டுக்கு மிஞ்சிய வெயில்

மீட்டரில் ஏதாவது கை வைத்தீர்களா என்று மின்சார அலுவலகத்திலிருந்து வந்த பெண் கேட்டபோது அவருக்குக் கோபம் வரவில்லை. முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான்கு நாளில் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

"போன வருஷம் வரைக்கும் மாசம் நூத்தம்பது யூனிட் எங்ககிட்ட வாங்கியிருக்கீங்க சார். நாலு மாசமா இருபதைத் தாண்டல. உங்க மாடி சோலார்லேர்ந்துதான் எங்களுக்குக் கரண்ட் வந்து கொட்டுது. மீட்டர் பழுதோன்னு ஆபீஸ்ல சந்தேகம்."

"மீட்டர் சரியாத்தான் இருக்கும்மா. வீட்லதான் ஆள் இல்ல."

மனைவியின் நுரையீரல் கெட்டபோது, காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். இரவு பகலாக ஓடியது. கரண்ட் பில் கழுத்தை நெரித்ததும், ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மிச்சமிருந்ததை எடுத்து மாடியில் சோலார் போட்டார். பகலில் மிஞ்சுவதை அலுவலகம் எடுத்துக்கொண்டு, இரவில் வாங்குவதில் கழித்துக்கொள்ளும். போட்ட காசு ஆறு வருஷத்தில் திரும்பிவிடும் என்றார் மாட்டியவர். "அப்ப ஆறு வருஷத்துக்கு என்னைச் சாக விடமாட்டீங்கன்னு சொல்லுங்க" என்று மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் அடங்கவில்லை.

இரண்டு வருஷம் இருந்தாள்.

அவர் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் கையிலிருந்த தாளைப் பார்த்தபடி நின்றாள். "மன்னிச்சுக்குங்க சார். ஆனா சோதிச்சுப் பாத்தேன்னு எழுதியாகணும். ஏதாவது பெரிய லோடா போடுங்க. வெளிய போறது குறையுதான்னு பாத்துட்டுப் போயிடறேன்."

மின்விசிறியைப் போட்டார். மீட்டர் அசைந்துகொடுக்கவில்லை. வீட்டில் பெரிய லோடு என்று இருந்தது ஒன்றுதான்.

உள்ளறைக்குப் போய் உறையை எடுத்து, சுவிட்சைத் தட்டினார். இயந்திரம் ஒருமுறை குலுங்கி, பழைய தாளத்தில் ஓட ஆரம்பித்தது. வீடு முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது.

"குறையுது சார்! மீட்டர் நல்லாத்தான் இருக்கு," வாசலிலிருந்து குரல் வந்தது. "அணைச்சிடுங்க."

"இருக்கட்டும்மா. வெயில் இருக்கே."

அவள் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

கட்டிலில் கிடந்த குழாய் முனையிலிருந்து காற்று சீறிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் பக்கவாட்டில் மாட்டியிருந்த, காற்றை ஈரமாக்கும் தண்ணீர்க் குப்பி காய்ந்து கிடந்தது. வறண்ட காற்று போனால் மனைவிக்கு மூக்கெல்லாம் எரியும். அவர் குப்பியைக் கழற்றி, அடுப்படியில் அலசி, கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மாட்டினார். தண்ணீருக்குள் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பத் தொடங்கின.