முதல் வெள்ளிப் படங்கள்

போட்டோக் கடை மஹ்ரூப் நானா கமராவில் வயரைச் செருகி, மற்ற நுனியைக் கொம்பியூட்டரில் குத்தினார். கிழட்டு மெசின், கொஞ்சம் பொறுக்கவேணும் என்றார். அல்பொன்சா கதிரையின் விளிம்பில் குந்தியிருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா கண்ணை மூடினார். இப்போது பத்தரை. செத்த வீட்டை விட்டு மகள்காரி பஸ் ஏறி முந்தலுக்கு வந்து கடையில் இருக்கிறாளே என்று ஊர் வாய் மெல்லத்தான் செய்யும். மெல்லட்டும். காலையிலேயே அவளை மென்று துப்பியாகிவிட்டது.

துப்ப வைத்தவன் இத்தாலியில் இருக்கும் அண்ணன் நிக்கொலஸ். செய்தி சொல்ல எடுத்த போனை மாமி எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். வீடு நிறையச் சனம். அழுது முடித்துவிட்டு அவன் கேட்டான்:

"போன மாசப் படத்திலயும் அப்பா கொழுகொழு எண்டுதானே இருந்தவர். நீ என்ன செய்தனீ?"

மாமி ஸ்பீக்கரை நிறுத்தினாள், எல்லாவற்றையும் கேட்ட பிறகு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

கொழுகொழு படத்தின் கதை அப்பாவுக்கும் அவளுக்கும்தான் தெரியும். போன வருசம், வயிற்றில் கட்டி, இனி வெட்டியும் பயனில்லை என்று டொக்டர் சொன்ன அன்று பின்னேரமே, மனிதர் ஐந்து சட்டை மாற்றி மாற்றிப் போட்டார். கிணற்றடியில், தென்னைக்குக் கீழே, மாதா படத்துக்கு முன்னால் என்று பன்னிரண்டு படம் எடுக்க வைத்தார்.

"மாசத்துக்கு ஒண்டா அனுப்பு. தெரிஞ்சா அவன் ஓடி வருவான். விசா இல்லாதவன், வந்தா திரும்பிப் போகேலாது."

மகனில் அவ்வளவு பாசம். தூக்கிக் கழுவித் துடைக்கப் போகிறவள் எங்கேயும் போகத் தேவையில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். மாதம் தவறாமல் இந்தக் கடைக்கு வந்து ஒவ்வொரு பொய்யாய் அனுப்பினாள்.

ஆனால் அவள் ஒன்றும் மடைச்சி அல்ல. மாதத்தின் முதல் வெள்ளி கோயில் பாதர் நோயாளிக்கு நற்கருணை கொண்டு வீடு தேடி வருவார். அன்றைக்கு அப்பாவைக் குளிப்பாட்டி, சவரம் எடுத்து, நீலச் சட்டை போட்டு விறாந்தைக் கதிரையில் இருத்துவாள். பாதர் போனதும் ஒரு படம். நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்பான் என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

திரையில் படங்கள் வரிசையாக விழுந்தன. பதினொரு வெள்ளி. அதே கதிரை, அதே நீலச் சட்டை. கமராவின் தீப்பெட்டியளவுக் கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தவளுக்கு இப்படிச் சேர்த்துப் பார்க்கக் கிடைத்ததில்லை. அப்பாவின் கழுத்து கொலருக்குள் இறங்கிக்கொண்டே போனது. ஆறாவது படத்தின் ஓரத்தில் நாலு விரல். சரிந்துவிடுவார் என்று ஒரு கையால் தோளைப் பிடித்தபடி மற்றக் கையால் எடுத்தது. பதினோராவதில் முழங்கைவரை தெரிந்தது, மணிக்கட்டில் அடுப்புச் சுட்ட தழும்போடு. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கூடுதலாக ஆத்திரம் வந்தது.

"பதினொண்டையும் அண்ணனுக்கு அனுப்புங்கோ, நானா."

மஹ்ரூப் நானாவின் கை நின்றது. மாதாமாதம் பழைய படங்களை அனுப்பிக் கொடுத்தவர் அவர். விசயம் அரைகுறையாகத் தெரியும்.

"மௌத்தானவர்ட சொல் ஒண்டு இருக்கே, தங்கச்சி."

"அவர் போயிட்டார், நானா. இனி அந்த ஊரில இருக்கப்போறது நான்."

அவர் ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கினார். எல்லாம் போய்ச்சேர முக்கால் மணி நேரம் எடுத்தது. அண்ணன் என்ன சொல்வான் என்று அவள் தனக்குள்ளே பலவிதமாய்ச் சொல்லிப் பார்த்தாள். பிழை விட்டுட்டன் என்று சொல்லத் தேவையில்லை. தங்கச்சி என்று ஒருதரம் கூப்பிட்டாலே போதும்.

போன் அடித்தது. அண்ணன்தான். விக்கல். அப்பா, அப்பா என்று அழுதான். அவள் காத்திருந்தாள்.

"எல்லாம் பாத்தனான்" என்றான் கடைசியில். "அந்தக் கடைசிப் படத்தைப் பெரிசாக்கிப் பெட்டித் தலைமாட்டில வை. அப்பா எவ்வளவு பாடுபட்டவர் எண்டு சனம் பாக்கட்டும்."

"ஓம்."

"ஆரோட கையோ ஒண்டு குறுக்கால நிக்குது. அதை எடுத்துவிடச் சொல்லு."

அவள் அதற்கும் ஓம் என்றாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, அவன் சொன்னதை அப்படியே மஹ்ரூப் நானாவிடம் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். திரும்பி மவுசைப் பிடித்தார்.

முதலில் முழங்கை போனது. பிறகு தழும்பு போனது. விரல்களை எடுக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது, சட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததால். அதுவும் போனதும் அப்பா ஒருவர் பிடியும் இல்லாமல் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.