வலது மூலையில் ஊதா

வியாழக்கிழமை காலை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், ரைஹானா டிவியின் வலது மேல் மூலையில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தாள். பழைய ரேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். காந்தம் எலெக்ட்ரான்களை வளைக்கும் என்று பி.எஸ்சி. முழுக்கப் படித்திருந்தாள். போன மாதம் கடைசிப் பரீட்சையிலும் எழுதியிருந்தாள். வளைவதைக் கண்ணால் பார்த்ததில்லை.

செய்தி வாசிப்பவரின் தலைக்கு மேல் ஊதா நிறம் பரவியது. காந்தத்தை நகர்த்தினால் அதுவும் கூடவே நகர்ந்தது. ஓரத்தில் ஒரு பச்சை வளையம். அழகாகத்தான் இருந்தது. அவள் சிரித்தபடி காந்தத்தை எடுத்தாள்.

ஊதா போகவில்லை.

டிவியை அணைத்துவிட்டுப் போட்டாள். மறுபடி அணைத்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் துளைத் துளையாக ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கும். ஒவ்வொரு நிறமும் அதனதன் புள்ளியில் போய் விழ அந்தத் துளைகள்தான் வழி. இரும்பு காந்தமாகிவிட்டால் காந்தமாகவே இருக்கும். வாசலில் உம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. காந்தத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் தள்ளினாள்.

ஜித்தாவில் வேலை பார்க்கும் உப்பா, அவள் தகப்பனார், ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த டிவி அது. அந்தச் சந்தில் அவ்வளவு பெரிய திரை வேறு வீட்டில் இல்லை. உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்கிய நாளிலிருந்து அதை முன்வராந்தாவில்தான் வைத்திருந்தார்கள். முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, மதரஸாவிலிருந்து பெஞ்சுகள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கமுகு மரங்களுக்கு நடுவே மஞ்சள் கொடிகள் மழையில் நனைந்து தொங்கின. பிரேசில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம்.

வியாழன் மாலை அவள் அண்ணன் அஷ்கரும் அவன் கூட்டாளிகளும் முந்தைய நாளின் அரையிறுதியைத் திரும்பப் பார்க்க உட்கார்ந்தார்கள்.

"என்னடா இது, நம்ம ஆளு அந்தப் பக்கம் போனா பச்சையாயிடறான்?" என்றான் அஷ்கர்.

ஜீப் ஓட்டும் பீரான் முன்னால் வந்து எட்டிப் பார்த்தான். "இடது பக்கம் பிரேசிலு, வலது பக்கம் பச்சைச் சட்டை நைஜீரியா. ஒரே டிவில ரெண்டு டீமு. உங்க உப்பா கெட்டிக்காரர்டா."

யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து, கடைத்தெருவிலிருந்து டிவி மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். அவர் திரையை ஒரு நிமிடம் பார்த்தார். "காந்தம் பட்டிருக்கு. செட்டுக்குள்ளயே இதைச் சரி பண்ண ஒரு காயில் இருக்கும். இதுல அது எரிஞ்சு போய் கழட்டி விட்டிருக்காங்க. கோழிக்கோட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போகணும். திங்கக்கிழமை பார்க்கலாம்."

"திங்கக்கிழமை கப்பு பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்," என்றான் அஷ்கர். "காந்தம் எங்கேர்ந்து வந்துச்சு?"

ரைஹானா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் முற்றத்திலிருந்து அலவி பேசினார்.

"ஒலிபெருக்கிக்குள்ள காந்தம் இருக்கும்டா," என்றார். "என் பெட்டில இருக்கறது இவ்ளோ பெருசு." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது போலக் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

அலவி மைக்செட் கடை வைத்திருப்பவர், சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் 'இக்கா', அண்ணன். புதன்கிழமை அரையிறுதியின்போது தார்ப்பாயில் மழை கொட்டி எதுவும் கேட்கவில்லை என்று, கடையிலிருந்து தன் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கிவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தவர் அவர்தான். அந்தச் சந்திலேயே ஒரே அர்ஜென்டினாக்காரரும் அவர்தான். அவருடைய டீம் முதல் சுற்றிலேயே வெளியே போயிருந்தது.

"ஓ," என்றான் பீரான். "அப்ப சும்மா இல்ல. ஐயோ பாவம், சத்தம் கேக்கலையேன்னு தூக்கிட்டு வந்தாருன்னு நெனச்சோம்."

"படச்சவன் சத்தியமா அப்படி இல்லடா."

"தன் டீமு போச்சுன்னா நம்ம டிவியும் போகட்டும்னு. நல்லா இருக்கு இக்கா."

அஷ்கர் சிரிக்காமல் சொன்னான். "ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் வர வேணாம். கடைலயே உங்க நீலக்கொடிய விரிச்சுப் படுத்துக்கங்க."

அலவி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

புதன்கிழமை அந்தப் பெட்டி இருந்தது டிவியின் இடது பக்கம். ஊதா வலது பக்கம். வராந்தாவில் நின்ற யாருக்கும் அது தோன்றவில்லை. ரைஹானாவுக்குத் தோன்றியது. அதை மட்டும் சொன்னால் போதும், அலவி தப்பித்துவிடுவார். அப்புறம், "அப்ப யாரு?" என்று கேட்பார்கள். அவள் உள்ளே போய் சோற்றுப் பானையை இறக்கினாள்.

சனிக்கிழமை அலவி வந்தார். அஷ்கர் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியிலேயே நின்று உம்மாவைக் கூப்பிட்டார்.

"இத்தாத்தா, மன்னிச்சுக்கங்க. வேணும்னு செய்யல. ஆனா பொய் சொல்லக் கூடாதுல்ல, பிரேசில் தோக்கணும்னு மனசுல இருந்துச்சு. அதான் கை போய் பெட்டிய அங்க வச்சுச்சோ என்னவோ. ராத்திரி பூரா அதையே நெனச்சுட்டு இருக்கேன்."

எப்போதும் அவருக்கு பால் விடாத ஒரு கட்டன் சாயாவாவது கொடுக்கிற உம்மா அன்று உட்காரச் சொல்லவில்லை. "அவங்க உப்பா எவ்வளவு ஆசையா கொண்டாந்தது அலவி," என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ரைஹானா கேட்டுக்கொண்டிருந்தாள். செய்யாத தப்பை அவர் தன் மனசுக்குள் தேடி, கண்டும் பிடித்துவிட்டார்.

ஞாயிறு காலை குடையை எடுத்துக்கொண்டு அவருடைய கடைக்குப் போனாள். தனியாக அவள் அங்கே போனதே இல்லை. கடையின் மூலையில் உடைந்த டிவி ஒன்று கிடப்பதை சாலையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"இக்கா, அதுக்குள்ள திரையைச் சுத்தி கறுப்பா ஒரு காயில் இருக்கும். அது கெடச்சா எங்க டிவிய நானே சரி பண்ணிடுவேன்."

அலவி ஸ்குரூ டிரைவரை எடுத்தார். "நெசமாவா?"

"காயில்ல கரண்ட் விட்டு, திரைக்கு முன்னால சுத்திக்கிட்டே மெல்லப் பின்னால வரணும். தகட்டுல இருக்கற காந்தம் கலைஞ்சு போயிடும்."

"படிச்ச புள்ளன்னா இப்படி இருக்கணும்." பின்மூடியைக் கழற்றிக் காயிலை அறுந்துவிடாமல் உருவிக் கொடுத்தார். "என் மானத்தைக் காப்பாத்துற மோளே."

சொல்லிவிட வேண்டிய இடம் அது. கடையில் வேறு யாருமில்லை. அவள் காயிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வரேன் இக்கா," என்றாள்.

மாலையில் முற்றம் நிறைந்துவிட்டது. ஆண்களுக்கு முன்னால் வராந்தாவில் போய் நிற்பது அவளுக்குச் சாதாரணமான காரியமில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனாள். காயிலை அப்படியே செருகினால் எரிந்துவிடும் என்பதால் இஸ்திரிப் பெட்டியைக் கரண்ட் பாதையில் சேர்த்திருந்தாள். இஸ்திரிப் பெட்டி கரண்டில் ஒரு பங்கைச் சாப்பிட்டுக்கொள்ளும்.

"டிவிக்கு இஸ்திரி போடப் போறாடா," என்றான் பீரான்.

ஸ்விட்சைப் போட்டதும் காயில் கையில் மெல்ல உறுமியது. திரைக்கு எதிரே பிடித்து வட்டமாகச் சுற்றினாள். திரையில் எல்லா நிறங்களும் குழம்பிச் சுழன்றன. முற்றத்தில் சத்தம் அடங்கியது. சுற்றிக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினாள். பக்கத்தில் வைத்து அணைத்துவிட்டால் முன்பைவிட மோசமாகிவிடும். வராந்தாவின் கோடிக்கு வந்த பிறகுதான், "காயில் ஸ்விட்ச அணைச்சிடு," என்று அஷ்கரிடம் சொன்னாள்.

மைதானம் மூலைக்கு மூலை பச்சையாக இருந்தது. மஞ்சள் சட்டைகள் மஞ்சளாகவே வெளியே வந்து வரிசையில் நின்றன.

கைதட்டலில் தார்ப்பாய்த் தண்ணீர் சரிந்து கொட்டியது. "அலவி கெடுத்ததை நம்ம ரைஹானா நேராக்கிட்டாடா," என்று பீரான் கத்தினான். "அர்ஜென்டினாக்கு வச்சா பாரு ஆப்பு!"

அவள் நிமிர்ந்து கேட்டைப் பார்த்தாள். வெளியே, சாலையில், குடைக் காம்பைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அலவியும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ரைஹானா உள்ளே போனாள். அலமாரியில் துணிகளை விலக்கினாள். திரும்பி வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், காந்தத்தைத் திரையின் வலது மேல் மூலையில் வைத்து எடுத்தாள்.

ஊதா வந்தது. அதே இடத்தில், அதே வடிவத்தில்.

முற்றமே எழுந்துவிட்டது. "ஏய், என்னடி பண்ற?" என்று அஷ்கர் அவள் கையைப் பிடித்தான். கையிலிருந்ததைப் பார்த்தான்.

"வியாழக்கிழமை காலைல," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "வியாழக்கிழமை காலைல நான்தான் வச்சேன். இதைத்தான் வச்சேன். அலவி இக்காவோட பெட்டி இல்ல."

திரையில் தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் ஊதாவாக இருந்தார்கள்.

"இதைச் சொல்ல இன்னைக்குத்தான் நேரம் கெடச்சுச்சா?" என்றான் அஷ்கர். பிறகு தலையைச் சொறிந்தான். "சரி பண்ணு. சீக்கிரம்."

காயில் இன்னும் சூடாக இருந்தது. இரண்டாவது தடவை சுற்றும்போது கம்பியின் வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. அவள் பாதியிலேயே பின்வாங்க வேண்டியதாயிற்று. அணைத்தபோது மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெளிறிய ஊதா மிச்சமிருந்தது.

"இது போதும், நகரு," என்றார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது.

உம்மா கதவுக்குள்ளிருந்து, "அலவி, மழைல நிக்காம உள்ள வா," என்று கூப்பிட்டாள். பீரான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தான். அலவி குடையை மடக்கி வராந்தாத் தூணில் சாய்த்தார். அங்கே ரைஹானா காயிலைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி இடது பக்கம்ல இருந்துச்சு," என்றார் வியப்போடு. "எனக்கே தோணல பாரு மோளே."

"எனக்குத் தோணுச்சு இக்கா."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமையே. மெக்கானிக் வந்தப்பவே."

அலவி கொஞ்ச நேரம் குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு போய் பீரானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரைஹானா கதவுக்குப் பின்னால் தன் இடத்துக்குப் போனாள். பந்து வலது மூலைக்குப் போகும்போதெல்லாம் மஞ்சள் சட்டை ஒன்று ஒரு கணம் நிறம் மாறியது. வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.