கிருத்திகை மொட்டை

அரக்கோணம் சாலையில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் மாதாமாதம் நடக்கும் கூத்தை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கிருத்திகைக்கு முந்தின நாள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவிகளுக்கெல்லாம் வரிசையாக மொட்டை அடிப்பார்கள். தலை வாரிவிட ஆள் இல்லை, பேன் பிடிக்கிறது, அவ்வளவுதான் காரணம். பிள்ளைகளுக்குப் போகும் சேதியோ வேறு. மொட்டைத் தலையில் சந்தனத்தை அப்பி, நெற்றியில் திருநீறு பூசி, போட்டோ பிடித்து, அம்மா ஆசைப்பட்டுக் கேட்டார்கள், தணிகை முருகனுக்கு முடி காணிக்கை கொடுத்தாயிற்று என்று மேனேஜர் சந்திரமோகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் 'அரோகரா' என்று பதில் போடுவார்கள். எழுந்து உட்காரவே முடியாத அம்மா எப்படி மலைக்குப் போனாள் என்று ஒருத்தராவது கேட்டதில்லை. த்தூ!

யுவஸ்ரீ அங்கே பராமரிப்பு உதவியாளர் பயிற்சிக்கு வந்தவள். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது. ஆறு மாதப் பயிற்சி முடிய ஒரு வாரம்தான் பாக்கி. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சந்திரமோகன் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் வரும். சான்றிதழைக் காட்டினால் அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, வரச் சொல்லியே விட்டார்கள். கையெழுத்து இல்லையென்றால் அப்பா வேதாசலத்தோடு மறுபடியும் கரும்புக் கொல்லைக்குப் போக வேண்டியதுதான்.

முதல் வாரம் வகுப்பெடுக்க வந்த அம்மா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியவர்களைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறாய் என்று சொல், அவர்கள் சரி என்ற பிறகு தொடு. அந்த அம்மா போன மறுநாளே இல்லத்தில் வேறு பாடம் நடந்தது. ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியில் ஆறு பேர் முதுகைத் துடைக்கிற பாடம். நாலாவது ஆளுக்கு வரும்போது அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், சாப்பிடுகிறவர்கள் யாராவது படிக்கலாம்.

யுவஸ்ரீயும் அதைத்தான் செய்தாள். ஒரே ஒருத்தரிடம் மட்டும் வகுப்பில் சொன்னபடி நடந்தாள். அவர்தான் ஜெயகுமாரி டீச்சர். மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர். போன கிருத்திகை முடிந்த பிறகுதான் இல்லத்துக்கு வந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று, புத்தி மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவு. இடது கை விரலைத் தூக்கினால் சரி என்று அர்த்தம், கட்டிலைத் தட்டினால் வேண்டாம். தினம் நாலு மணிக்கு யுவஸ்ரீ சீப்போடு போய், "வாரட்டுமா டீச்சர்?" என்று கேட்பாள். விரல் உயரும். இடுப்பு வரை நரைத்த முடி, மருந்துக்குக்கூட ஒரு பேன் கிடையாது.

அதைத்தான் அந்த மாசி மாதக் கிருத்திகைக்கு முந்தின நாள் சந்திரமோகனிடம் போய்ச் சொன்னாள். டீச்சருக்குப் பேன் இல்லை சார், நான்தான் தினமும் வாருகிறேன், அவரை விட்டுவிடுங்கள் என்றாள்.

"நீ அடுத்த வாரம் போய்டுவ. அப்புறம் யாரு வாரிகினு கெடக்கறது? போய் தலையப் புடி," என்றார் அவர். கூடவே, உன் படிவம் என் மேஜையில்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

யுவஸ்ரீ போய்த் தலையைப் பிடித்தாள். அன்றைக்கு மட்டும் டீச்சரிடம் எதுவும் கேட்கவில்லை. டீச்சரின் இடது கை கட்டிலைத் தட்டியது, நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தது. பஸ் ஸ்டாண்டில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பச்சையப்பனுக்கே மனசு கேட்கவில்லை. கத்தியை நிறுத்திவிட்டு, "இந்தம்மா வேணாங்கற மாதிரி கீதே?" என்றார்.

"அடிங்கண்ணா," என்றாள் யுவஸ்ரீ.

சந்திரமோகன் சந்தனக் கிண்ணமும் திருநீறுமாக வரிசையாக வந்தார். பத்துத் தலைக்குப் பூசிய கை பதினொன்றாவது தலைக்கும் பூசியது. போட்டோவில் கண்டதும் விழக் கூடாதென்று கட்டில் பக்கத்து மேஜையில் இருந்த மாத்திரை, தண்ணீர் பாட்டில், பைபிள் எல்லாவற்றையும் அள்ளிக் கீழே வைத்தவரும் அவரேதான். அப்போதாவது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. மறுநாள் காலை பதினொரு வீட்டுக்கும் ஒரே சேதி போயிற்று.

அரை மணியில் டீச்சரின் மகன் இஸ்ரேல் போனில் கத்தினார். நேரில் வருகிறேன் என்று சென்னையிலிருந்து கிளம்பியும் விட்டார். சந்திரமோகன் அவசரமாக யுவஸ்ரீயைக் கூப்பிட்டுப் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

"நீதான் தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லிடு. சின்னப் பொண்ணுன்னு விட்டுடுவாரு. அவரு கார் ஏறன உடனே கையெழுத்துப் போடறேன்."

மத்தியானம் இஸ்ரேல் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். யார் செய்தது என்று கேட்டார். சந்திரமோகன் யுவஸ்ரீயைப் பார்த்தார். அவள் டீச்சரைப் பார்த்தாள். சான்றிதழாவது மண்ணாவது என்று தோன்றியது.

"சார்தாங்க சொன்னாரு. நான்தான் தலையப் புடிச்சிகினேன். டீச்சர் வேணாம் வேணாம்னு தட்டினாங்க. அவங்களுக்குப் பேனே இல்லீங்க," என்றாள்.

சொல்லிவிட்டு, இனி டீச்சரைக் காரில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். பாவம்.

"மொட்டை பரவால்லம்மா, வெயிலுக்கு நல்லதுதான். திருநீறு எதுக்குப் பூசனீங்க? சபையில நாலு பேரு பார்த்தா நான் இன்னா பதில் சொல்றது?" என்றார் இஸ்ரேல்.

அவ்வளவுதான் அந்த மனுஷனுக்கு வலித்தது. கைக்குட்டையால் அம்மாவின் நெற்றியைத் துடைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. போட்டோவைத் தன் கண்ணெதிரே அழிக்கச் சொன்னார். அடுத்த தடவையிலிருந்து மொட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இருபது நிமிஷத்தில் கிளம்பிப் போனார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

சந்திரமோகன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். நீ உள்ளதைச் சொன்னதே நல்லதாகப் போயிற்று, பெற்ற பிள்ளையே சரியென்று சொல்லியாயிற்று, இனி மாதாமாதம் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்றார். படிவத்தை எடுத்து, 'முதியோரைக் கண்ணியமாக நடத்துதல்' என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். யுவஸ்ரீ அதை அவர் முகத்தில் கிழித்துப் போட்டாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவள் கிழிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, மடித்துப் பையில் வைத்தாள். வைத்த பிறகு குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

நாலு மணிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். குனிந்து, ஊட்டட்டுமா டீச்சர் என்று கேட்டாள். விரல் உயரவில்லை, கை கட்டிலைத் தட்டவும் இல்லை. அந்தக் கை நீண்டு வந்து, முன்னால் தொங்கிய அவள் பின்னலைப் பிடித்தது. ஒரு சுற்றுச் சுற்றி, உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தது. மண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. வயதான விரல்கள்தான், உதறினால் விட்டுப்போகும். யுவஸ்ரீ கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இழுக்க வாகாக இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.