எட்டாவது லிங்கத்துக்கு முன்

…முதலில் ஒரு ஆள், அப்புறம் அவளுக்கு ஒரு ஆசை, ஆசைக்குக் குறுக்கே ஒரு தடை, இவ்வளவுதானே கதை, இதைச் சொல்லிக்கொடுக்க என்ன பெரிய வித்தை வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தபடியே தமிழாசிரியை ஆதிலட்சுமி கரும்பலகையில் மூன்றாவது கட்டம் போட்டாள், சாக்பீஸ் கீச்சென்றது, பதினோராம் வகுப்புப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சிரிக்கட்டும், வேங்கிக்கால் வெயிலில் கடைசி பீரியடில் சிறுகதை கேட்கவேண்டும் என்று இவர்களுக்கு என்ன தலையெழுத்து… கண் மட்டும் இரண்டாவது பெஞ்சுக்குப் போகக்கூடாது, போனால் எழில் உட்காரும் இடம் தெரியும், இன்றோடு நாலு நாளாகக் காலி. காய்ச்சலாக இருக்கும். காய்ச்சல்தான், ஊரில் யாருக்குத்தான் இல்லை?

மாவட்டப் போட்டிக்கென்று எழில் எழுதிக் கொடுத்த கதையில் ஒரு பெண் அம்மாவோடு கிரிவலம் போகிறாள், அவ்வளவுதான் நடக்கிறது, இந்திர லிங்கத்தில் அம்மா கற்பூரத்தைக் காட்டி, மாமனக் கட்டிக்கிறேன்னு சொல்லுடி என்கிறாள், பெண் பேசாமல் நடக்கிறாள், அக்னி லிங்கத்திலும் அதே, யம லிங்கத்திலும் அதே, வெறுங்காலில் தார் சுடுகிறது, பெண் வாயே திறக்கவில்லை, எட்டாவதான ஈசான்ய லிங்கம் வருவதற்குள் கதை நின்றுவிட்டது. பெரிய மேதாவி ஆதிலட்சுமி என்ன செய்தாள்? ஓரத்தில் எழுதினாள். ஒரே சம்பவத்தை ஏழு முறை சொல்லாதே, ஒரு லிங்கம் போதும். முடிவு எங்கே? எழில் மேசையருகே வந்து நின்று, முடிவு எனக்கே தெரியல மிஸ், என்னா வெக்கறது என்று கேட்டாள், துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள், அதையும்தான் பார்த்தது இந்தக் கண், பார்த்துவிட்டு, உன் கதைதானே, நீயே யோசிச்சி வை, நாளைக்குள்ள குடுத்துடு என்று அனுப்பிவிட்டாள். மறுநாள் வந்தது. ஆறு லிங்கங்களைக் காணோம். கற்பூரத்தின் முன்னால் நின்ற பெண், சரி என்று சொல்லிவிட்டாள், கச்சிதமாக ஒரே வரி. பத்துக்கு ஒன்பது போட்டாள். அருமை என்று வேறு எழுதினாள், பாவி.

எழில் வரலியா இன்னிக்கும், என்று வாய் தன்னால் கேட்டுவிட்டது. அதே தெருக்காரி ஆர்த்திதான் எழுந்தாள். அவ இனிமே வர மாட்டா மிஸ், ஞாயித்துக்கெழம கல்யாணம், அவங்க மாமாவுக்கே குடுக்கறாங்க… அழுதுக்கினே இருந்தா, அப்பறம் போன வாரம் அவளே சரின்னுட்டாளாம். வகுப்பு கசமுசாவென்றது. பதினாறு வயது. ஆசிரியர் அறைச் சுவரில் குழந்தைகள் உதவி எண் ஒட்டியிருக்கிறது, ஞாயிறுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா, கெட்டேவிட்டதா… போன் செய்தால் யார் சொன்னது என்று தெரிந்துவிடும், அந்த மாமன் பள்ளிக்கூட வாசலுக்கே வருவான், தலைமையாசிரியை நமக்கெதுக்குமா வம்பு என்பாள், என்றால் என்ன, இப்போதே எழுந்து போகலாம், கால் ஏன் நகரவில்லை? தெரியாமல் நடந்துவிட்டது, கதை என்றுதானே நினைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப்பார்த்தாள். நெஞ்சு ஒப்பவில்லை. யம லிங்கத்தைப் படிக்கும்போதே இது கதையில்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நிமிடத்தில்தான் அவள் சந்திப்பிழை தேட ஆரம்பித்தாள்.