ஒன்பதாவது மேசை

என் பெயர் லோர்னா ஹாபாலா. பைன் லேண்டிங் நகரத்தின் பனி தள்ளும் வண்டிகளைப் பத்தொன்பது குளிர்காலமாக ஓட்டிவருகிறேன், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே. எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்பது என் கம்ப்யூட்டரிலிருந்துதான் போகும்.

என்னிடம் ஒரே ஒரு ஸ்கிரீன். அதற்குள் ஒன்பது மேசை, அதாவது எண்ணைத் தட்டினால் ஒன்று மாற்றி ஒன்று வரும் ஒன்பது டெஸ்க்டாப். ஒன்று தட்டினால் வண்டிகளின் வரைபடம், இரண்டில் தெருக் கேமராக்கள், மூன்றில் ஓட்டுநர்களுக்கு மெசேஜ், நான்கில் புகார்ப் பதிவேடு, இப்படியே எட்டு வரைக்கும். ஒரு மேசைக்கு ஒரே ஜன்னல், அதுவும் திரை முழுக்க. மவுஸைத் தொடவே மாட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் விரல் சரியான எண்ணுக்குப் போகும். பெருமைதான், இல்லையென்று யார் சொன்னது?

நவம்பரில் மேலாளராக வந்த வேட் சண்ட்கிரெனுக்கு அது கண்ணை உறுத்தியது. அவனிடம் அகலமான ஸ்கிரீன் மூன்று. எல்லா ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து போட்டிருப்பான்.

"லோர்னா, எல்லாத்தையும் ஏன் ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறீங்க? திருட்டுச் சாமானா?"

"ஒளிக்கல. அடுக்கி வெச்சிருக்கேன். நீதான் சந்தைக்கடை மாதிரி பரப்பி வெச்சிருக்க."

"சரி, அந்த ஒன்பதாவதுல என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அவசரத்துக்கு ஒரு இடம் காலியா இருக்கணும்."

"காலி இடத்துக்கு ஒரு மேசையா!" விழுந்து விழுந்து சிரித்தான். "வெள்ளிக்கிழமை ஆள் வர்றான். உங்களுக்கும் மூணு ஸ்கிரீன் மாட்டிடுவான். இந்த வித்தையெல்லாம் மூட்டை கட்டிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருடமாக என் கைக்குப் பழகிய வேலையை ஒரே வாக்கியத்தில் வித்தை என்றுவிட்டான்.

புதன்கிழமை காலை ஏரியிலிருந்து பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. ரேடியோவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால் அவசர உத்தரவெல்லாம் மெசேஜில்தான் போனது. ஏழாவது தெரு மேட்டில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் மேடேற முடியாமல் அடியிலேயே வழுக்கிக்கொண்டு நிற்கிறது.

"நான் பாத்துக்கறேன்!" என்றான் வேட். படபடவென்று தட்டி, என்டரை ஓங்கி அடித்தான். "பதினாலை அனுப்பியாச்சு!" உடனே போனில் பேசப் போய்விட்டான்.

யார் எதை அனுப்பினாலும் ஒரு நிமிடம் விட்டு வரைபடத்தைப் பார்ப்பது என் வழக்கம். ஒன்று தட்டினேன். பதினாலாம் வண்டி ஏரிக்கரைச் சாலையில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று தட்டினேன். அதற்கு மெசேஜே போகவில்லை. நான்கு தட்டினேன். 'உங்கள் வண்டி மறுபடியும் என் தபால் பெட்டியை இடித்துத் தள்ளிவிட்டது' என்று ஒருவர் கொடுத்திருந்த புகாருக்கு அடியில் வேட் எழுதிய குறிப்பு:

'14, எல்லாத்தையும் விட்டுட்டு ஏழாவது தெரு மேட்டுக்குப் போ. ஆம்புலன்ஸ் நிக்குது.'

அடப்பாவி! அவன் கண் மெசேஜ் ஜன்னலில் இருந்திருக்கிறது, கீபோர்டில் தட்டியதெல்லாம் பக்கத்திலிருந்த புகார் ஜன்னலில் விழுந்திருக்கிறது. என் மேசைகளில் அது நடக்காது. கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான், தட்டுவதும் அதில்தான் விழும்.

அதே வரியை எடுத்து, மூன்று தட்டி, பதினாலுக்கு அனுப்பினேன். ஒன்பதைத் தட்டி ஏழாவது தெருக் கேமராவை மட்டும் அங்கே திறந்து வைத்தேன். வெறும் வெள்ளை.

வேட் ரேடியோவில் கத்தினான். "பதினாலு! தூங்கறியா?"

"இப்பத்தானய்யா மெசேஜே வந்துச்சு, அதுவும் லோர்னா அனுப்பினது!" என்றான் ஓட்டுநர் டெல்பர்ட். "இதோ திரும்பிட்டேன்."

அறை முழுக்க என்னைப் பார்த்தது. "அவனைத் திட்டாத வேட்," என்றேன். "நீ எழுதினது தபால் பெட்டிப் புகாருக்கு அடியில கெடக்கு. போய்ப் பாரு."

ஒன்பதாவது மேசையில் மஞ்சள் விளக்கு தெரிந்தது. பனியை ஓரம் ஒதுக்கிக்கொண்டே பதினாலு மேடேறியது. அதன் வாலைப் பிடித்தபடி ஆம்புலன்ஸ். எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. அப்போதுதான் ஆறிப்போன காபியைக் குடித்தேன்.

பதிவேட்டில் எழுதியதை அழிக்க முடியாது. அன்று சாயங்காலம் நான்கைத் தட்டியபோது, வேட் அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தான்: 'தவறு என்னுடையது. கண்டுபிடித்துச் சரிசெய்தவர் லோர்னா ஹாபாலா.' நான்கு தடவை படித்தேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஸ்கிரீன் மாட்டுகிற ஆள் பெட்டிகளோடு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். வேட் எழுந்து வந்தான்.

"அவங்க மிஷின்ல கை வைக்காத," என்றான் அவனிடம். "என்னோடதுல ஒன்பது மேசை போட்டுக் குடு."

"எதெதுல என்ன வைக்கணும் சார்?"

வேட் என்னைப் பார்த்தான். காது சிவந்திருந்தது.

"அதை அவங்ககிட்ட கேளு. ஒன்பதாவதுல மட்டும் ஒண்ணும் வைக்காத."