ஒரு ஜோடி கண்மலர்

என் அக்கா நவமணிக்கு என் மேல் எட்டு வருஷக் கோபம். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

எங்கள் இருவருக்கும் கண்ணில் பிரஷர். அம்மாவுக்கு இருந்தது, எங்களுக்கும் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் ஒரே மாதத்தில் இருவருக்கும் ஆபரேஷன். அக்காவுக்குப் பிரஷருக்கு மட்டும். எனக்குக் கண்புரையும் இருந்ததால் இரண்டையும் சேர்த்தே முடித்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த ஓரிரு வாரத்தில் சுவரில் ஊர்ந்த எறும்புகூட எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு முன்பு தெரிந்ததுதான் தெரிந்தது.

"பிரஷர் தின்ன பார்வை திரும்பாதும்மா. மிச்சத்தக் காப்பாத்தத்தான் இந்த ஆபரேஷன்" என்று டாக்டர் காஞ்சனா படித்துப் படித்துச் சொன்னார். அக்கா காதில் ஏறினால்தானே? அவள் கண்டுபிடித்த காரணமே வேறு. ஆபரேஷனுக்கு முன் லூனாஸ் மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி வாங்கி, ஆளுக்கு ஒரு கண்ணாகக் காலடியில் வைத்தோம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, ஒரு ஜோடி போதாதா என்பது என் யோசனை.

"ஒரு ஜோடி வச்சா ஒரு ஜோடிதான் ஆத்தா குடுப்பா. அத நீ எடுத்துக்கிட்ட" என்பாள் அக்கா.

நான் சும்மா விடுவேனா? "எனக்கு முழு ஆபரேஷன், ஒனக்கு அரை ஆபரேஷன்லா" என்று சீண்டுவேன். என் வாய் அப்படி.

இந்த வருஷம் தைப்பூசம் முடிந்து ஒருநாள் மெர்போக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையைச் சட்டியிலும் மீனைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது.

"என்னக்கா பண்ற?"

"எல்லாம் ஒரே பனி மூட்டமா இருக்குடி யோகா. அரை ஆபரேஷன்தானே, கண்ணு போச்சு."

ஆஸ்பத்திரிப் பக்கம் போய் எவ்வளவோ நாளாயிற்றாம். மடியிலிருந்து ஒரு சிவப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். உள்ளே புதுக் கண்மலர் ஒரு ஜோடி. "ஆடித் திருவிழா வரட்டும். எனக்குன்னு தனியா வச்சாச் சரியாயிடும்."

எனக்கு வந்ததே கோபம்! "ஆடி வரைக்கும் ஆத்தா காத்திருப்பா, கண்ணு காத்திருக்குமா? ஏறுடி காருல!" அக்காவை 'டி' போட்டது அன்றைக்குத்தான். அவளும் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு ஏறினாள். வழி நெடுக எனக்கு அம்மா ஞாபகம்தான். கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவிக் குளியலறைக்குப் போனவள். அக்காவுக்கும் அதே கதியா?

டாக்டர் காஞ்சனா வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பிரஷர் அருமையா இருக்கு. நரம்பும் அப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு. இது வெறும் புரைம்மா, இத எடுத்துடலாம்."

என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். மேல் இமையைத் தூக்கினால் வெள்ளை விழியில் அரிசி நொய் அளவுக்கு ஒரு சின்னப் புடைப்பு. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற அன்றைக்கு வெட்டிய வாய்க்கால் அதற்கு அடியில் இருக்கிறதாம். அவள் தூங்கியபோதும், அழுதபோதும், என்னைத் திட்டித் தீர்த்தபோதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. அம்மாடி, மனுஷக் கை செய்த வேலையா இது! இதையா அரை ஆபரேஷன் என்றேன்?

"வந்ததே வந்தீங்க, நீங்களும் உக்காருங்க" என்றார் டாக்டர். ராணி மாதிரி உட்கார்ந்தேன். அளந்தார், மறுபடி அளந்தார்.

"ஒங்களுக்குத்தான் பிரஷர் ஏறியிருக்கு. சேத்துச் செஞ்ச சில பேருக்கு நாளாக ஆக இப்படி மெல்ல ஏறும். சொட்டு மருந்து போட்டா அடங்கும். கவனிக்காம விட்டாத்தான் ஆபத்து."

வலியில்லை, மங்கலில்லை. எறும்பு இன்னமும் தெரிகிறது. ஆனாலும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. முழு ஆபரேஷன் என்று பீற்றிய வாய் இது.

அடுத்த மாதம் அக்காவின் ஒரு கண்ணில் புரையை எடுத்தார்கள். மறுநாள் கட்டுப் பிரித்தபோது நான்தான் எதிரில் நின்றேன். முதலில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, ஒனக்கு இம்புட்டு நரையா?"

சிரித்தேன், அழுதேன். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. அவள் என் முகவாயைப் பிடித்து அண்ணாந்து பார்க்க வைத்து, என் மருந்தை எடுத்துச் சொட்டுவிட்டாள். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது அந்தக் கண்மலர்ப் பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"ஆடிக்கு நீயே வையி. ஜோடியும் ஒனக்குத்தான், நான் பங்கு கேக்க மாட்டேன்."