நாக்கடி மாத்திரை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு முதுகில் அடிபட்டபோது ஆஸ்பத்திரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. திருட்டுத்தனமாக வாங்கி விழுங்கும் அளவுக்கு முற்றி, வேலைக்கே உலை வைக்கப் பார்த்தபோது மனைவி அவனை ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனாள். தினமும் காலையில் நாக்கடியில் வைத்துக் கரைக்கச் சொல்லி அவர் வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பழைய மருந்தின் ஏக்கத்தை அது அடக்கும். கரைகிறவரை வாயைத் திறக்கக் கூடாது.

இந்த விதி அவனுடைய அத்தானுக்கு ரொம்பத் தோதாகப் போயிற்று. அக்காவின் புருஷன், எதிர்வீட்டுக்காரர், பேசுவதற்கென்றே பிறவி எடுத்தவர். சரியாக அந்த நேரம் பார்த்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"ஒரு போதையை விட்டுட்டு இன்னொரு போதையா மாப்ளே? எல்லாம் மனசுலதான் இருக்கு. நான் சிகரெட்டை எப்படி விட்டேன்? மனசு வச்சேன், விட்டேன்!"

விட்டது உண்மைதான். வீட்டுக்குள் விட்டிருந்தார், மாடிப்படிக்கு அடியில் இன்னும் விடவில்லை. மெக்கானிக்குக்குப் பதில் நாக்கு நுனிவரை வரும். ஆனால் நாக்கடியில் மாத்திரை இருக்கும். அவன் மௌனத்தைப் பார்த்து, "பய திருந்துறான்" என்று அத்தான் பூரித்துப் போவார்.

ஒருநாள் அவன் குளித்துவிட்டு வருவதற்குள், மாத்திரைகளை ஒன்றுவிடாமல் பிதுக்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்.

"இனிமே நீ சுதந்திர மனுஷன்!"

மெக்கானிக்குக்கும் ரோஷம் வந்தது. இருந்துதான் பார்ப்போமே என்று மனைவியிடம் வாயே திறக்கவில்லை.

சுதந்திரம் மறுநாளே வேலையைக் காட்டியது. மூக்கு ஒழுகியது, உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது, வயிற்றால் போயிற்று, கட்டிலில் கால்கள் தாமாகச் சைக்கிள் மிதித்தன. மனைவி கேட்டதற்குக் காய்ச்சல் என்று சமாளித்தான்.

"கெட்டதெல்லாம் வெளியேறுது!" என்று அத்தான் வாசலிலேயே நின்று வாழ்த்தினார். உள்ளே வர நாற்றம் விடவில்லை.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய மாத்திரை விற்கிறவனைத் தேடிக் கிளம்பினான். தையல் கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்த மனைவி படியிலேயே மறித்தாள். அவன் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினான்.

அவள் நேரே எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்கண்ணாடியை உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா விளையாட்டு இது? ஒரு எழுத்தும் தெரியலையே!"

"எல்லாம் மனசுலதான் இருக்கு அண்ணே. மனசு வச்சுப் படிங்க."

அடுப்படியில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அங்கிருந்து அவள் அவனை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் யாரையும் திட்டவில்லை. "இப்படித் திடீர்னு நிறுத்தினா பழைய மருந்துக்குத்தான் ஓடத் தோணும். விட்டுப்போன உடம்பு பழைய அளவைத் தாங்காது, உயிரே போயிருக்கும். எப்போ குறைக்கலாம், குறைக்கணுமான்னு நாம சேர்ந்து பார்க்கலாம்" என்று மறுபடி எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு மெக்கானிக் அடித்துப்போட்டதுபோல் தூங்கினான்.

அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பினான். லிஃப்ட் பெட்டியின் மேல் குந்தி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது சித்தி போன் செய்தாள். "உங்க அத்தான்தான் உன்னைக் கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாராமே! தங்கமான மனுஷன்டா."

சொல்லிக்கொண்டு திரியட்டும் என்று விட்டுவிட்டு, மேல்மாடிக்காரர்கள் கத்த ஆரம்பிக்குமுன் லிஃப்டை ஓட்டிப் பார்த்தான்.